மேற்படி என்கிற பெரும்புள்ளி

இந்நகரில் வாழ்கின்ற, வாழ்ந்து மறைந்த, இனிமேல் வந்து வாழப்போகின்ற அனைவரும் செவி சாய்த்துக் கேட்க வேண்டிய செய்தி: இன்று காலை பத்தேகால் மணி முதல் வரி என்பது வசூலிக்கப்படுவது அல்ல, தானே வந்து சேர்வது. கடலுக்கு ஆற்று நீரை யாரேனும் வீடு வீடாகப் போய் வசூலித்துக் கொடுக்கிறார்களா? அதுபோல. குடிமக்கள் விரலை ஒருமுறை சொடுக்கினால் போதும். இனி எவருடைய செருப்பும் வரி அலுவலகத்துப் படியைத் தேய்க்காது. இந்த நாளை வரலாறு குறித்துக்கொள்ளும்.

ஆணையர் கையெழுத்திட்டிருந்த இந்தச் சுற்றறிக்கையை வரி அலுவலகத்தின் வாசற்கதவில் ஒட்டினார்கள். திட்டத்துக்குச் 'சொடுக்கு' என்று பெயர். வரலாறு குறித்துக்கொண்டதா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை அலுவலகத்தின் முன்னால் வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம் நின்றது. "வர வேணாம்னு போட்டிருக்கீங்களே, எப்படி வராம இருக்கறதுன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார் வரிசையில் முதலில் நின்றவர். பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். தள்ளுமுள்ளில் சுற்றறிக்கை பாதி கிழிந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்லும் வேலை பேரேட்டின் தலையில் விழுந்தது. பேரேடு என்பது மனிதர்தான். தலைமை எழுத்தர். ஐம்பத்து நான்கு வயது, முன்வழுக்கை, வலது நடுவிரலில் பேனா அழுத்தி அழுத்தி விழுந்த காய்ப்பு. இந்த நகரத்துக் கட்டடங்களையெல்லாம் எழுதி வைத்த பதினான்கு தடித்த பேரேடுகளும் அவருக்கு மனப்பாடம். "ஒன்பதாம் பேரேடு, நூத்தி நாப்பதாம் பக்கம், கீழேருந்து மூணாவது வரி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வீட்டில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவார். மனிதனுக்கு ஒரு அளவுக்குத்தான் ஞாபகம் கொடுத்திருக்கிறது. அவர் அதை வரிக்குக் கட்டிவிட்டார்.

பேரேடு எழுதுவதில் ஒரு முறை உண்டு. ஒரு வரியில் உரிமையாளர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, தொழில். அதே ஆளுக்கே அடுத்த கட்டடமும் இருந்தால், அடுத்த வரியில் அத்தனையையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் பைத்தியம் இல்லை. 'மேற்படி' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பெயர் மேற்படி, தந்தை பெயர் மேற்படி, முகவரி மேற்படி, தொழில் மேற்படி. கட்டடம் கைமாறினால் மேல் வரியில் மட்டும் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினால் போதும். கீழே இருக்கிற மேற்படிகள் எல்லாம், தலைவர் கட்சி மாறினால் கூடவே மாறுகிற தொண்டர்கள் போல, சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். இது அவருடைய கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அதை அவரளவு அழகாக எழுதியவர் கிடையாது. அவருடைய 'ற்' ஒரு கொக்கி. அதில் சட்டையை மாட்டலாம்.

சொடுக்குத் திட்டத்துக்காக அந்தப் பதினான்கு பேரேடுகளையும் ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டு போனது. ஆறு மாதம் உட்கார்ந்து கணினியில் ஏற்றியது. என்ன எழுதியிருந்ததோ அதை ஏற்றியது.

விஷயம் வெளியே வந்தது மூன்றாம் வாரத்தில், ஆணையர் கூட்டிய கூட்டத்தில். சுவர் அகலத்துக்கு ஒரு திரை. ஆணையர் கோட்டுப் போட்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை, திரைக்கும் அதற்கும் ஒரே இணைப்பு.

"டேட்டா பேசும்" என்று ஆரம்பித்தார் ஆணையர். "நாமதான் காது கொடுத்துக் கேக்கறதில்ல. இத்தனை வருஷமா நம்ம கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒருத்தர் இந்த ஊர்ல உலாவிட்டிருக்கார். ஒரே ஆள். எத்தனை கட்டடம்னு நினைக்கறீங்க?"

யாரும் எதுவும் நினைக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆயிரத்து முந்நூத்தி எண்பத்தாறு! கடை இருக்கு, குடோன் இருக்கு, கல்யாண மண்டபம் இருக்கு, மாட்டுக்கொட்டகைகூட இருக்கு. ஒரே ஆளு. இந்த ஊர்லயே பெரிய பாக்கிதாரர். இவ்வளவு பெரிய முதலையை உங்க பேரேடு காட்டிக் கொடுத்துச்சா? சொடுக்கு காட்டிச்சு."

திரையில் பெரிய எழுத்தில் வந்தது. பெயர்: மேற்படி. தந்தை பெயர்: மேற்படி. தொழில்: மேற்படி.

அறையில் ஒரு இருமல் கேட்டது. அது இருமல் இல்லை என்பது இருமியவருக்குத் தெரியும். எல்லாத் தலையும் மெல்லப் பேரேட்டின் பக்கம் திரும்பியது. அவர் வாயைத் திறந்தார்.

"என்ன?" என்றார் ஆணையர்.

பேரேடு போன மாதத்தை நினைத்துக்கொண்டார். வரைபடப் பிரிவு எழுத்தர் ஒருவர், திரையில் மூன்று மாடிக் கட்டடமாகத் தெரிவது உண்மையில் ஒரு கிணறு என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். அவரை இடுகாட்டுப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். 'அங்கே நிம்மதியாகப் பிழை பார்க்கலாம்' என்று ஆணையர் சொன்னதாகப் பேச்சு.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் பேரேடு. "புழுக்கமா இருக்கு."

"சாயங்காலத்துக்குள்ள மேற்படியைக் கூப்பிட்டு விடுங்க" என்றார் ஆணையர்.

வாயை மூடிக்கொண்டதோடு விஷயம் போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை. மூன்று தெரு தள்ளி அவருடைய அக்கா தையல் கடை வைத்திருந்தாள்.

முன்னால் கடை, பின்னால் வீடு. இரண்டும் அக்கா பெயரில்தான். பேரேட்டில் வீட்டுக்கு முதல் வரி, கடைக்கு அடுத்த வரி. அடுத்த வரியில் என்ன எழுதியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எழுதியது யார் என்பதையும்.

அக்கா அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனபோது கடை முழுக்க நீலத் துணி. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இருநூற்று நாற்பது சீருடை தைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். பள்ளி திறப்பது ஐந்தாம் தேதி. முன்பணம் துணியாக மாறி மேசை மேல் குவிந்து கிடந்தது.

"வாடா வரி" என்றாள் அக்கா, தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுக்காமல். "கடை வரியை ரெண்டு தடவை கட்டிட்டேன். ரெண்டு தடவையும் நன்றின்னு வந்துச்சு. உள்ளே போய்ப் பாத்தா கட்டலைன்னு சிவப்புல காட்டுது. இப்ப இதைப் படி."

சொடுக்கில் கடைக் கதவு எண்ணைப் போட்டால் வருகிற அறிவிப்பைத் திறந்து செல்போனை நீட்டினாள். மாதம் முடிவதற்குள் பாக்கி தீரவில்லை என்றால் கடைக்குச் சீல் வைக்கப்படும் என்று இருந்தது. சீல் விழுந்தால் உரிமம் போகும். உரிமம் இல்லாத கடைக்குப் பள்ளிக்கூடம் பணம் தராது. மாதம் முடிய ஒன்பது நாள்.

அறிவிப்பின் தலைப்பில் 'அன்புள்ள மேற்படி' என்று இருந்தது.

"யாருடா இந்த மேற்படி?"

பேரேடு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊசி குத்தியது, எழுந்து ஊசியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சொன்னார். அக்கா தைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் கட்டின பணம்?"

"எல்லா மேற்படிக்கும் ஒரே கணக்குக்கா. பழைய பாக்கி எதுவோ அதுக்குத்தான் முதல்ல போகும். தியேட்டர் பக்கத்துல சைக்கிள் ஸ்டாண்டு இருக்கில்ல? அதுக்குப் பதினோரு வருஷ பாக்கி."

"தியேட்டர்காரனோட ஸ்டாண்டு."

"ஆமா. தியேட்டர் அவர் பேர்ல. ஸ்டாண்டு மேற்படி."

"ஆக, கார்ல வர்றவனோட சைக்கிள் ஸ்டாண்டுக்கு நான் வரி கட்டிட்டிருக்கேன்." அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஏண்டா, எம்பேரை எழுத உன் கை வலிச்சுதா?"

"வழக்கம்க்கா அது. சுருக்கமா இருக்கட்டும்னு..."

"எம்பேரு மூணு எழுத்து. மேற்படி நாலு எழுத்து. ஒரு எழுத்து அதிகமா மெனக்கெட்டு எழுதி என் குடியைக் கெடுத்திருக்கே."

இருபத்திரண்டு வருடத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அக்கா சொன்னது சரிதான்.

கம்பெனிக்காரரைப் போய்ப் பார்த்தார். அவர் வரி அலுவலகத்திலேயே, பழைய பேரேடுகள் இருந்த அறையில், பேரேடுகள் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது, கண்ணுக்குக் கீழே மட்டும் பெரிய வயது. மேசையில் நான்கு காலிக் காப்பிக் கோப்பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக.

"தெரியும்ணே" என்றார், பேரேடு முடிப்பதற்குள். "நீங்க பதினெட்டாவது ஆளு. டைப் அடிச்சவங்களுக்கும் தெரியும். அவங்களும் படிச்சவங்கதானே. ஆனா இருக்கறதை இருக்கறபடி அடிக்கணும்னு ஒப்பந்தம். ஒரு எழுத்து மாறினா அபராதம். மாத்தி அடிச்ச புள்ள ஒருத்தி இருந்தா. முதல் வாரம் அவளுக்கு நூத்திப் பன்னிரண்டு அபராதம். அப்புறம் அவளும் மேற்படிதான்."

"இப்ப எங்கக்கா கடையை மட்டும் அவ பேருக்கு மாத்தணும்."

"உரிமையாளர் கேட்டா ரெண்டு நிமிஷம்."

"அவதான் உரிமையாளர்."

"சிஸ்டம்ல மேற்படி. அவர் செல்லுக்கு ஒரு ஓடிபி போகும். அந்த ஆறு நம்பரைப் போட்டா மாறிடும்."

"மேற்படிக்கு ஏதுய்யா செல்லு?"

"காலியா விட்டா உள்ளேயே விடாது. அதனால பத்து ஒன்பதைப் போட்டுட்டாங்க." கம்பெனிக்காரர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நான் கூப்பிட்டும் பாத்தேன்ணே. அப்படி ஒரு நம்பரே இல்லைன்னு ஒரு அம்மா சொல்றாங்க. பதினெட்டுத் தடவையும் அதே மரியாதையாத்தான் சொல்றாங்க. அவங்க ஒருத்தங்கதான் இப்ப என்கிட்ட மரியாதையாப் பேசறாங்க."

"வேற வழி?"

"ஆணையர் ஒரு சொல் சொன்னா, மேற்படின்னு இருக்கிற அத்தனையையும் ஒரே ராத்திரியில பிரிச்சுடலாம். சொல்லுங்களேன்."

"நீங்க சொல்லலாமே."

"எங்க பில்லு அவர் மேசையில இருக்குண்ணே."

எலியும் எலியும் பேசிக்கொண்டு என்ன பயன். மணி பூனை கழுத்தில் அல்லவா கட்ட வேண்டும்?

பேரேடு இரண்டு நாள் தள்ளினார். முதல் நாள் ஆணையர் ஊரில் இல்லை என்பதில் ஒரு நிம்மதி. இரண்டாம் நாள் இருந்தார். இவர்தான் கழிவறைக்கு நான்கு தடவை போனார். மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து செல்போனில் ஒரு படம் வந்தது. தைத்து முடித்த சீருடைகளின் அடுக்கு. கீழே ஒரு வரி: 'தொண்ணூறு முடிஞ்சுது மேற்படி.' தம்பியை அவள் இதுவரை வாடா போடா என்றுதான் திட்டியிருக்கிறாள். இது வேறு மாதிரி சுட்டது. எழுந்து ஆணையர் அறைக்குப் போனார்.

ஆணையர் கண்ணாடி முன்னால் நின்று எதையோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'பெரும்புள்ளியானாலும்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார். பேரேட்டைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"சார், மேற்படிங்கறது ஆள் இல்ல."

"பினாமியா?"

"வெறும் சொல்லு சார் அது. 'மேலே சொன்னபடி'ன்னு அர்த்தம். நான்தான் எழுதினேன்."

ஆணையர் நாற்காலியில் உட்கார்ந்தார். படித்தவர், புரிந்துகொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை. புரிந்த பிறகு பேசத்தான் இரண்டு நிமிடம் ஆயிற்று.

"இதுவரைக்கும் மறைஞ்சிருந்த பாக்கியைக் கண்டுபிடிச்சோம்னு மேலிடத்துக்கு எழுதியாச்சு. எழுந்து நின்னு கை தட்டினாங்க. அடுத்த வருஷ பட்ஜெட்ல அந்தத் தொகையை வரவா வச்சுட்டாங்க. இப்பப் போய் மேற்படின்னு யாரும் இல்லைன்னா, அப்ப நான் யாரைய்யா கண்டுபிடிச்சேன்?"

"என் கையெழுத்தை, சார்."

ஆணையர் அவரை ஒரு முறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. அலுப்புதான். பேரேட்டுக்கு அதுதான் பயமாக இருந்தது; கோபக்காரனை அடங்கும்வரை காத்திருந்து பேசலாம், அலுத்தவன் எங்கே அடங்குவது?

"பிரிச்சா என்ன ஆகும்னு தெரியுமா? ஆயிரத்து முந்நூறு பேருக்குத் தனித்தனியாப் பாத்தா பாதிப் பேருக்கு மேல பாக்கியே இருக்காது. மொத்தமா வச்சிருந்தாத்தான் அது தொகை."

"அவங்கள்ல எங்கக்கா ஒருத்தி, சார். கட்டினவ. ரெண்டு தடவை."

"நல்ல குடிமகள்" என்றார் ஆணையர் மனப்பூர்வமாக. "வருஷக் கணக்கு முடியட்டும். அதுவரைக்கும் மேற்படி இருக்கார். தலைமறைவா இருக்கார். அவரைத் தேட ஒரு தனிப்பிரிவு போடறேன். நீங்கதான் தலைவர். அவரை உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்."

இப்படிப் பேரேட்டுக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகத் தனி அறை கிடைத்தது. அதில் ஜன்னல் இல்லை. தலைமறைவானவர்களைத் தேட ஜன்னல் எதற்கு?

மாதக் கடைசி நாள் அவர் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா கடைக்குப் போனார். இரண்டு ரசீதுகளையும் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். கெஞ்ச வேண்டிய வசனங்களையும் வழியிலேயே தயார் செய்திருந்தார். அக்கா தைத்துக்கொண்டே இருந்தாள். நூற்று எழுபது முடிந்திருந்தது. கடையைக் காலி செய்து துணியைப் பின்பக்க வீட்டுக்காவது கொண்டு போ என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"திருடின ஆளு மாதிரி நான் ஏண்டா மூட்டை கட்டணும்?" என்றாள். "வரட்டும். வந்து என் முகத்தைப் பாத்துப் பூட்டட்டும்."

பதினொரு மணிக்குச் சீல் வைப்பவர் வந்தார். அலுவலகத்தில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். பேரேட்டோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர், முட்டி தேய்ந்துபோனவர். அன்று காலையிலிருந்து அது அவருக்கு ஒன்பதாவது கடை. அரக்கு, நூல், மெழுகுவத்தி எல்லாம் ஒரு பையில். இன்னொரு பையில் புதிதாகக் கொடுத்த டேப்லெட். கடை வாசலில் இறக்கி வைத்தார். எதிர்வரிசையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் பூட்டு. "என் கையில ஒண்ணும் இல்ல."

"உன் கையிலதான்யா அரக்கே இருக்கு" என்றாள் அக்கா.

பேரேடு உறையை நீட்டிக்கொண்டு முன்னால் போனார். பூட்டு அவரைக் கையமர்த்தினார். "இரு, இரு. முதல்ல இந்தச் சனியன் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

டேப்லெட்டில் கதவு எண்ணைப் போட்டார். கடையின் படம் வந்தது. கீழே 'சீல்' என்று ஒரு பொத்தான், சாம்பல் நிறத்தில், அழுந்தாமல் கிடந்தது. அதற்கு மேலே ஒரு கட்டம்: உரிமையாளரிடம் ஆணையை நேரில் கொடுத்ததற்குச் சான்றாக, அவருடைய கைபேசிக்கு அனுப்பப்பட்ட ஆறு இலக்க எண்ணை இங்கே இடவும்.

"உனக்கு எண் வந்துச்சாம்மா?"

"எனக்கு ஏன் வருது? நான் மேற்படியா?"

பூட்டு ஆறு பூஜ்யம் போட்டார். தவறு என்றது. ஒன்றிலிருந்து ஆறு வரை போட்டார். தவறு என்றது. மூன்றாவது தடவை தன் மகளின் பிறந்த தேதியைப் போட்டார்; ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. 'மூன்று முயற்சிகள் முடிந்தன. பத்து நாள் கழித்து முயலவும்' என்று வந்தது.

"இப்ப என்ன?" என்றார் பேரேடு.

"இப்ப ஒண்ணுமில்ல." பூட்டு படியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "இது திறந்தாத்தான் நான் மூட முடியும். காலையிலேருந்து எட்டுக் கடையில இதே கதை. தண்ணி இருந்தா கொஞ்சம் குடும்மா."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பிப் போய் மிதியை மிதித்தாள். அந்தச் சத்தம் பேரேட்டுக்கு இதுவரை இவ்வளவு பிடித்திருந்ததில்லை.

"அப்ப மேற்படி கடைக்கெல்லாம் சீல் கிடையாதா?" என்று கேட்டார் கண்ணாடிக் கடைக்காரர்.

"யார் சொன்னா? உண்டு. ஓடிபி வந்தா உண்டு."

"ஓடிபி எப்ப வரும்?"

"மேற்படி வந்தா வரும்" என்றார் பூட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு.

கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மகளைப் பார்க்கிற அப்பனிடம்தான் பார்க்க முடியும்.

ஐந்தாம் தேதிக்குள் இருநூற்று நாற்பது சீருடையும் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடம் பணம் கொடுத்தது. அடுத்த பத்து நாளில் சேதி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

சொடுக்கில் பெயர் மாற்றம் ஒருவழிப் பாதை. தன் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்ற, தன் செல்போனுக்கு வருகிற எண் போதும். மேற்படியிடமிருந்து திரும்ப வாங்கத்தான் மேற்படியின் சம்மதம் வேண்டும். முதலில் கண்ணாடிக் கடைக்காரர் கடையை மாற்றினார். பிறகு அவருடைய சகலை. பிறகு தியேட்டர்காரர், ஸ்டாண்டு ஏற்கெனவே போயிருந்ததால், தியேட்டரையும் பின்னாலேயே அனுப்பிவைத்தார். "மேற்படி ஆயாச்சா?" என்பது தெருவில் பார்த்துக்கொண்டால் கேட்கிற கேள்வி ஆனது. சாப்பாடு ஆயாச்சா என்பது அதற்கப்புறம்தான். அண்ணன் தம்பிக்குள் பத்து வருடமாக வழக்கில் இருந்த ஒரு வீட்டைக்கூட, இரண்டு பேரும் சமாதானமாகப் போய் மேற்படிக்கு எழுதினார்கள். நீதிமன்றத்தால் முடியாத காரியம்.

ஆணையர் முதலில் மகிழ்ந்தார். மேற்படியின் வரைகோடு திரையைத் தாண்டி மேலே போனது. 'தனிநபர் சொத்துப் பதிவில் வரலாறு காணாத வளர்ச்சி' என்று அறிக்கை அனுப்பினார். மற்ற நகரங்களுக்கும் போய்க் கற்றுக்கொடுக்கச் சொல்லி மேலிடம் அவரை அழைத்துக்கொண்டது. அவர் கிளம்பிப் போன மாதத்தில்தான் வரி அலுவலகத்தில் சம்பளம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆறு கடலுக்கு வரவில்லை என்று யாரோ கதவில் எழுதி வைத்தார்கள்.

கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. தாள், திரையில் இல்லை, தபாலில். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், செல்போனும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், அவரவர் பெயர் அவரவருக்குத் திரும்பிவிடும். கட்டின பணமும் அவரவர் கணக்கில் ஏறும்.

பேரேடு ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து முதல் படிவத்தைத் தன் கையாலேயே எழுதினார். அக்காவின் பெயர், அப்பா பெயர், முகவரி, தொழில், எதையும் சுருக்கவில்லை. மை காய ஊதினார். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்று தெருவும் வேகமாக நடந்தார். இந்த வயதில் அப்படி நடப்பது நல்லதில்லை.

அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். படிவத்தை வாங்கி, கண்ணாடியை இறக்கி, முழுக்கப் படித்தாள்.

"அழகா எழுதியிருக்கே" என்றாள்.

"கையெழுத்துப் போடு, போதும். கட்டின ரெண்டு தடவையும் உன் பேருக்கு வந்துடும். கடை உன் பேர்ல வந்துடும்."

"கடை என்கிட்டத்தானேடா இருக்கு."

"இல்லக்கா, பேரு..."

"பேர்ல வந்தா அடுத்த வருஷம் நோட்டீசும் பேர்ல வரும். இப்ப எதிர்க்கடைக்காரன் கட்டலை, தியேட்டர்காரன் கட்டலை. நான் மட்டும் நல்ல பிள்ளையா வரிசையில நிக்கணுமா? ரெண்டு தடவை நின்னேனே, யாரு தட்டிக் கொடுத்தா?"

பேரேட்டுக்குப் பதில் தெரிந்திருந்தது. சாலை, விளக்கு, குப்பை வண்டி, பள்ளிக்கூடம். அவருடைய சம்பளமும்தான். இருபத்திரண்டு வருடமாக முகப்பில் நின்று எல்லோருக்கும் சொன்ன பதில். சொல்ல வாயெடுத்தபோது, வாசலில் இரண்டு வாரமாக அள்ளாத குப்பை கண்ணில் பட்டது. அந்த வண்டிக்காரருக்கும் சம்பளம் வந்திருக்காது.

"உன் வீட்டு வரி கட்டிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

"சம்பளம் வரலையேக்கா."

"அப்ப?"

"நோட்டீஸ் வந்துடுச்சு."

"வீடு யார் பேர்ல?"

"எம்பேர்லதான். முழுப் பேரும் இருக்கு."

"செல்லு நம்பரு?"

"என்னோடதுதான்."

அக்கா படிவத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் யாருடைய சட்டைக்கோ தோள் அளவு, கை அளவு, கழுத்து அளவு என்று குறித்துக்கொண்டாள். பட்டன் டப்பாவைப் பக்கத்தில் இழுத்தாள். பேரேடு எழுந்து, வந்த வழியே நடந்தார், இந்த முறை மெதுவாக.

அன்று சாயங்காலம் அவர் தன் வீட்டை மேற்படி பெயருக்கு மாற்றினார்.